வாங்க முடியாத பையை ஏன் பார்க்கிறோம்?

போன விளம்பர வீடியோவின் கீழே ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "லட்ச ரூபாய்க் கைப்பையைக் கனவிலும் வாங்கப்போகாதவர்கள் வோக் ஃபேஷன் பத்திரிகையை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் எங்கே போவேன் என்று தெரியும். ஆமாம், மறுபடியும் மணமகள் அறைதான். கல்யாண மண்டபத்தில் அந்த அறை பூட்டியிருந்தால் பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள். ஒருக்களித்துச் சாத்தியிருந்தால்தான் வாசலிலேயே நிற்பார்கள்.

1892இல் நியூயார்க்கில் பெரிய வீட்டு மனிதர்களுக்காகத் தொடங்கிய பத்திரிகை வோக். 1909இல் அதை வாங்கிய காண்டே நாஸ்ட் விளம்பரதாரர்களுக்கு ஓர் உவமை சொன்னார். தட்டில் 20 லட்சம் ஊசிகள். ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் தங்க முனை. ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் எப்போது முடியும்? தங்க முனையை மட்டும் இழுக்கிற காந்தம் கிடைத்தால் எவ்வளவு மிச்சம்! தங்க முனை என்றால் பணக்கார வாசகர், காந்தம் என்றால் வோக். வாசகர் குறைவு என்பதையே விலையாக்கிவிட்டார் மனிதர். ஆனால் அதே வோக் தையல் பேட்டர்னும் விற்றது. கவுன் வாங்க வழியில்லையா, சரி, இந்தக் காகிதத்தை வைத்து வெட்டித் தைத்துக்கொள். ஒருக்களித்த கதவு!

அப்புறம் 1988 நவம்பர் இதழ். அன்னா வின்டர் ஆசிரியராகி வந்த முதல் அட்டை. மாடல் மிகேலா பெர்கு போட்டிருந்தது பிரெஞ்சு டிசைனர் கிறிஸ்டியன் லாக்ருவாவின் ஜாக்கெட், நெஞ்சில் கல் பதித்த பெரிய சிலுவை. இடுப்புக்குக் கீழே வெளுத்த ஜீன்ஸ். ஜோடிப் பாவாடை அளவு சேராததால் வந்த ஜீன்ஸ் அது. அச்சகத்திலிருந்து போன் போட்டு, ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று கேட்டார்களாம். ஜாக்கெட் யாருக்கும் எட்டாது. ஜீன்ஸ் எல்லார் பீரோவிலும் இருந்தது.

ஒருமுறை பல் டாக்டரிடம் காத்திருந்தேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மா பழைய ஃபேஷன் இதழைப் புரட்டி, சென்ட் விளம்பரத்தில் வாசனை தடவி ஒட்டிய மடிப்பைத் தேடிப் பிடித்தார். ஏற்கெனவே யாரோ பிரித்திருந்தார்கள். இருந்தாலும் மணிக்கட்டில் தேய்த்து முகர்ந்துவிட்டு, "போயிடுச்சு" என்றார். பை விளம்பரத்தை அவர் பார்க்கவே இல்லை. இந்தத் தொழிலில் பை காட்டுவார்கள். பலர் வாங்குவது சென்ட்டும் லிப்ஸ்டிக்கும்.

நேயர் இன்னொன்றும் கேட்டிருக்கலாம். கதவுக்கு வெளியே நிற்பவரை உள்ளே கூப்பிட்டுப் படம் எடுத்தால் என்ன ஆகும்? 2008 ஆகஸ்டில் வோக் இந்தியா எடுத்தது. முன்பல் இல்லாத ஒரு பாட்டியின் கையில் குழந்தை. அதன் கழுத்தில் சுமார் 100 டாலர் ஃபெண்டி பிப், அதுதான் எச்சில் துணி. செருப்பில்லாத ஒருவர் கையில் 200 டாலர் பர்பரி குடை. பெரிய சர்ச்சையானது. படக்குறிப்பில் பிராண்டுகளின் பெயர் இருந்தது. ஆட்களை 'பெண்', 'ஆண்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த வாரம் அதைப் பேசுவோம்.