கண்டல் நடமுன் சேற்றைப் பாருங்கள்

அவையோருக்கு வணக்கம்.

காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்துக் கடலோரத்தில் காபனாகச் சேமிப்பதென்றால் எல்லாரும் மரத்தைத்தான் நிமிர்ந்து பார்க்கிறோம். எங்கள் யாழ்ப்பாண நீரேரிக் கரைகளில் நிற்கும், கண்டல் இனமான கண்ணா மரங்களோ பெரும்பாலும் கட்டையாகப் பற்றைபோல நிற்பவை. ஆற்று நீர் வராத, வெயில் காலத்தில் உப்பு ஏறுகிற இடத்தில் அதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது. சேமிப்பு காலடிச் சேற்றில் இருக்கிறது.

அதை அளப்பது பெரிய வித்தையல்ல. 3 அங்குல பி.வி.சி. குழாயொன்றின் ஒரு நுனியைக் கூராகச் சீவி, சேற்றில் 1 மீற்றர் இறக்குங்கள். இழுக்கமுன் குழாய்க்குள்ளே மண் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதென்று அளக்க வேண்டும். உள்ளே 85 சென்ரிமீற்றர்தான் இருந்தால் மண் அமுங்கிவிட்டது. குழாயின் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் நிலத்தில் ஏறத்தாழ 1.18 சென்ரிமீற்றர். இதைக் குறிக்க மறந்தால் பிறகு எந்த ஆய்வுகூடமும் திருத்தித் தராது. வெளியே எடுத்ததும் அழுகின முட்டை நாற்றம் வந்தால் முகம் சுழிக்காதீர்கள்: ஒட்சிசன் இல்லாத சேறு அது, இலையும் வேரும் அங்கே மெல்லத்தான் உக்கும்.

எங்கள் மண்ணில் ஒரு பொறி உண்டு. சுண்ணக்கல்லும் சிப்பித்தூளும் கலந்த மண் இது. ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் நுரைக்கும். நாங்கள் தேடுவது இலையும் வேரும் தந்த சேதனக் காபன்; சிப்பியிலுள்ள காபன் அதல்ல. அமிலத்தால் அதை நீக்காமல் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் கணக்கு வீங்கும்.

இனி ஒரு மனக்கணக்கு. உலர்ந்த மண் கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம், அதில் 2 வீதம் சேதனக் காபன் என்று வைப்போம். 1 மீற்றர் ஆழத்துக்கு ஹெக்டேயருக்கு 200 தொன் காபன். காபனீரொட்சைட்டாக 734 தொன். சேறு ஆண்டுக்கு 2 மில்லிமீற்றர் படிந்தால் புதிதாகச் சேர்வது ஏறத்தாழ 1.5 தொன் காபனீரொட்சைட்டு. அந்த 1 மீற்றர் 500 ஆண்டு வேலை! அதைத் தோண்டிக் காற்றுப்பட விட்டுவிட்டு, பக்கத்தில் ஆயிரம் கன்று நட்டோமென்று படம் எடுத்து என்ன பயன்?

நடுகையின் வரலாறும் தெம்பு தருவதாயில்லை. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 23 இடங்களில் 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டார்கள். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது தேறியிருந்தது 200, 220 ஹெக்டேயர்தான். 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பிழையான மட்டம், பிழையான உப்பு, கால்நடை, நட்டபின் எட்டியும் பாராமை. முருங்கைக்காய் போன்ற கண்டல் காயைச் சேற்றில் குத்துவது சுகம்; அதனால் எப்போதும் நீர் நிற்கிற இடத்திலும், கடற்புல்லின் மேலும்கூடக் குத்திவிடுகிறார்கள். கடற்புல்லடிச் சேறும் காபன் களஞ்சியந்தான்.

சரியான மட்டம் கண்டுபிடிக்க, மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். நன்றாக நிற்கும் மரத்தின் அடிமட்டத்தையும் நடப்போகும் இடத்தையும் ஒப்பிடுங்கள். எங்கள் வற்றுப்பெருக்கு 1 மீற்றருக்கும் குறைவு. ஒரு சாண் தாழ்ந்தாலே கன்று மூழ்கிவிடும். தெருவணையில் அடைபட்ட மதகு ஒன்றைத் திறந்து நீர் வந்துபோக விட்டால், கண்ணா விதை மிதந்து வந்து தானே முளைக்கும்.

இன்னொன்று, சிலருக்குக் கசக்கும். நீரின் உப்பு ஆயிரத்துக்கு 18 பங்குக்கு மேல் இருந்தால் கடல்நீரின் சல்பேற்றைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் கை ஓங்கி, காபனீரொட்சைட்டைவிடக் கடுமையாக வெப்பமேற்றும் மெதேன் வாயு மிகக் குறைவாகவே வெளிவரும். எங்கள் உவர்நீருக்கு இது வாய்ப்பு. பொறியியலாளர் ஆறுமுகத்தின் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டமோ வடமராட்சி நீரேரியை நன்னீராக்கச் சொல்வது. கிணறு உவராகிற ஊருக்கு அது வேண்டாமென்று சொல்ல மாட்டேன், குடிதண்ணீர்தான் முதல். ஆனால் உப்புக் குறைந்தால் கூடக்கூடிய மெதேனையும் ஏட்டில் எழுதுங்கள்.

காபன் வரவு (ஒரு வரவு என்பது ஒரு தொன் காபனீரொட்சைட்டுக் கணக்கு) விற்கலாம் என்று வருபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இந்தச் சேறு உண்மையில் அழியுமா? நீரேரிப் படுகை அரசுடையது, விற்கும் உரிமை யாருக்கு? சிறகுவலை போடுபவருக்கும் கடலட்டைப் பண்ணைக்காரருக்கும் பங்கு எவ்வளவு? 10 ஹெக்டேயரில் புதுச் சேறு தருவது ஆண்டுக்கு 15 வரவு. அளக்க வருகிறவரின் கூலியை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.