உள்ளியை எப்ப போடுறது? தை மாத மரக்கறியில மூன்று கறி

[காட்சி: சுளகில் கத்தரிக்காய், முருங்கையிலை, பூசணிக் கீறு. பக்கத்தில் ஒரு பிடி உள்ளி.]

மாரி மழை விட்டு, காலபோக நெல்லு வெட்டுற நேரத்தில வன்னித் தோட்டங்களில மரக்கறி மலிஞ்சு கிடக்கும். உள்ளி மட்டும் கடைச் சாமான், பெரும்பாலும் கப்பலில வாறது. கறி கைச்சால் தூளில பழி போடுறம். கனதரம் பிழை கருகின உள்ளியில.

முதல் கத்தரிக்காய் உள்ளிக் குழம்பு, நாலு பேருக்கு. கத்தரிக்காய் 400 கிராம், உள்ளி 20 பல்லு, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறித்தூள் ஒண்டரை மேசைக்கரண்டி, பாதித் தேசிக்காய் அளவு பழப்புளி, அரைத் தேங்காய்.

வெட்டின கத்தரிக்காயை உப்புத் தண்ணியில போடுங்கோ, கறுக்காது. பொரிக்க முதல் ஈரத்தை நல்லா ஒத்தி எடுக்க வேணும், இல்லாட்டி எண்ணெய் கைக்குத் தெறிக்கும். 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில தோல் சுருங்குமட்டும் வதக்கி, எடுத்து வையுங்கோ.

[கிட்டக் காட்சி: தாச்சியில் முழு உள்ளிப் பல்லுகள்]

அதே எண்ணெயில உள்ளியை முழுசாப் போடுங்கோ. வெட்டக் கூடாது. உள்ளிக்குள்ள காரத்தைத் தாற பொருளும் அதைக் கிளப்புற நொதியும் வேற வேற அறையில இருக்கு. நசுக்கினால்தான் ரெண்டும் சேரும். முழுசா வதங்கினால் நொதி சூட்டில அடங்கிப் போகும், பல்லு இனிக்கும். இளஞ்சூட்டில 5 நிமிசம். வைக்கோல் நிறம் வந்தால் போதும். பொன்னிறத்துக்குக் காத்திருந்தால் அடுத்த சாமான் போட முதல் மண்ணிறமாயிடும். விறகடுப்பெண்டால் கொள்ளியை இழுத்து விடுங்கோ, பாலை விறகு சட்டெண்டு தணியாது.

வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, அதோட வெந்தயம். வெறும் எண்ணெயில வெந்தயம் கருகும். வெங்காயத்தின்ர ஈரம் அதைக் காப்பாத்தும். வெங்காயம் வதங்கினதும் கடைப்பால் (தேங்காய்ப்பூவைக் கடைசியாப் பிழிஞ்ச தண்ணிப் பால்) ஒண்டரைக் கப், தூள், உப்பு. உள்ளியை அகப்பையால அமத்தினால் மசியிற பதம் வரும் வரை, ஒரு 7 நிமிசம், கொதிக்கட்டும்.

புளி அதுக்குப் பிறகுதான். முதலே விட்டால் உள்ளி எவ்வளவு கொதிச்சாலும் நெறுக்கெண்டு நிக்கும். புளி பட்டு சில பல்லு பச்சையா, நீலமா மாறினால் பயப்பிடாதேங்கோ, பழுதில்லை. கத்தரிக்காயைச் சேர்த்து 5 நிமிசம். கடைசியா முதற்பால் (முதல் பிழிஞ்ச தடிப்புப் பால்) அரைக் கப். ஓரத்தில நுரை கட்டத் தொடங்க இறக்குங்கோ. பொங்கக் கொதிச்சால் பால் திரைஞ்சு எண்ணெய் பிரியும்.

[காட்சி: அம்மியில் உள்ளி]

முருங்கையிலை வறைக்கு எல்லாம் தலைகீழ். உருவின இலை 2 பிடி, தேங்காய்ப்பூ அரைக் கப், உள்ளி 4 பல்லு. உள்ளியை அம்மியில ஒரு தட்டுத் தட்டி 10 நிமிசம் விடுங்கோ, மணம் அப்பதான் எழும்பும். இலை வெந்த பிறகு தேங்காய்ப்பூவோட போட்டு ஒரு நிமிசம் பிரட்டினால் சரி. கழுவின இலையை வடிய விட்டுப் போடுங்கோ. தண்ணியோட போட்டால் வறை களியாகும்.

பூசணிப் பால்கறிக்கு 3 பல்லு மெல்லிசாச் சீவி, பூசணியோட சேர்த்துக் கடைப்பாலில அவிய விடுங்கோ. தாளிக்கத் தேவையில்லை.

[காட்சி: கடகத்தில் உள்ளி]

உள்ளியைக் காத்துப்படுற இடத்தில வையுங்கோ. முளை விட்டால் நடுவில இருக்கிற பச்சைக் குருத்தை எடுத்துப் போடுங்கோ, அது கைக்கும். உரிச்ச பல்லை எண்ணெயில ஊற வைச்சு வெளியில வைக்கவே கூடாது. காத்துப் புகாத எண்ணெய்க்குள்ள நஞ்சுக் கிருமி வளரும், மணத்தில தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில வைச்சு 4 நாளுக்குள்ள முடியுங்கோ.