நோகாத கால்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மாரே,

"டொக்டர், சீனி கொஞ்சம் கூடத்தான். ஆனால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை." வாரந்தோறும் கேட்கும் பேச்சு இது. அந்த "ஒன்றும் செய்யவில்லை" என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரத்தத்தில் சீனி ஏறும்போது நோகாது.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. கணையம் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. சீனி இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது. முதலாம் வகை வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. பிள்ளைகளுக்கும் வரும். "இனிப்புக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று தாயைப் பழிக்காதீர்கள். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. 1922இல் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன்னர் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. யார் சொன்னாலும் அந்த ஊசியை நிறுத்திவிட்டுக் கசாயம் கொடுக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் வரும் சீனி, பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனாலும் அந்தத் தாய் பிறகும் தவறாமல் சோதித்துவர வேண்டும்.

இனிக் காலுக்கு வருகிறேன். ஆண்டுக்கணக்கில் கூடியிருக்கும் சீனி நரம்புகளை மரக்கச் செய்கிறது. காலுக்கு ஓடும் இரத்தத்தையும் குறைக்கிறது. ஆடிவேல் காலத்தில் காலி வீதியில் வெறுங்காலோடு தேரின் பின்னே போகிறோம். தார் சுட்டால் நல்ல கால் துள்ளி விலகும். மரத்த கால் அங்கேயே நிற்கும். அன்றிரவே கொப்புளத்தைக் கண்டவர் தப்பினார். காணாதவருக்கு அது புண்ணாகி, கிருமி எலும்புவரை இறங்கி, விரலையோ காலையோ எடுக்க நேர்கிறது. பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. கால் மரத்தவர்கள் செருப்போடு வாருங்கள், முருகன் கோபிக்க மாட்டான்.

கண்ணும் சிறுநீரகமும் இப்படித்தான், சத்தமின்றிக் கெடுகின்றன.

வெறும் வயிற்றில் சோதிக்கும்போது இரத்தச் சீனி 100 முதல் 125 mg/dL வரை என்றால் நீரிழிவின் எல்லையில் நிற்கிறீர்கள். 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவுதானா என்று திரும்பவும் சோதித்து உறுதிசெய்வார்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நீங்களாகவே சப்பாத்தைக் கழற்றி, "டொக்டர், காலையும் பாருங்கள்" என்று கேளுங்கள். வீட்டில் ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் நிலத்தில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கண்ணும் தெளிவில்லையென்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.