உளவாளிக்கும் ஒரு விலாசம் வேண்டும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அதிபர் அம்மா அவர்களே, மழையோடு மழையாக நுவரெலியாவிலிருந்து வந்திருக்கும் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய பழைய மாணவர் சங்கத்தாரே, முன்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

வாசிப்பு மாதம் என்பதால் உளவுக் கதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். குடும்பம், அடையாளம், நட்பு என்று மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். எதைத் தொட்டாலும் 'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்பதில்தான் வந்து நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் 1901இல் வெளிவந்த 'கிம்' கதையில் லாகூர்த் தெருவில் வளரும் அனாதைப் பையன் உளவாளியாகிறான். (கிப்ளிங் வெள்ளைக்காரன் ஆட்சிக்குக் கொடி பிடித்தவர், அது வேறு வழக்கு.) எந்த வேஷமும் அவனுக்குப் பொருந்தும். ஆனால் கழுத்துத் தாயத்துக்குள் பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் காகிதங்களும் இருக்கின்றன. அப்பாவின் படைப்பிரிவில் அவன் யார் என்று தெரியவருவது அவற்றால்தான். காகிதத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம்மை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்திலிருந்து குடியுரிமை தந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நம் மலையக ஆட்கள் அதற்காகத்தானே அலைந்தார்கள்!

சரி, என் உளவு வேலைக்கு வருகிறேன். எனக்குப் பதினொரு வயது. அக்காவுக்கு வரவேண்டிய ஆசிரியர் நேர்முகத் தேர்வுக் கடிதம் வரவில்லை. அப்பாவின் கம்பளியைப் போர்த்தி, அடுப்புக்கரியில் மீசை வரைந்து, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் ஒளிந்து தபால் பையைக் கண்காணித்தேன். சந்தேகமெல்லாம் கணக்கப்பிள்ளை மேல். கூடையோடு வந்த அம்மாயி தூரத்திலேயே கத்தினார்: "அடேய், கம்பளியப் போத்துனா தெரியாதா? நடைதான் ஒங்கப்பன் நடையாச்சே, வா வீட்டுக்கு!" மடுவமே சிரித்தது. நூலைப் போல சேலை!

கடிதம் அப்புறம்தான் கிடைத்தது. தோட்டத்தில் மூன்று விஜயலெட்சுமிகள். விலாசமோ தோட்டப் பேரும் டிவிசன் பேரும் மட்டும். தோட்டத்தின் மேல்பகுதியான மேல்கணக்கில் இருந்த விஜயலெட்சுமி வீட்டுக் கூரைச் சட்டத்தில் செருகிக் கிடந்தது. சிங்களத்தில் இருந்ததால் யாரும் பிரிக்கவில்லை. தேர்வு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அக்கா மறுநாள் கொழுந்துக்குப் போனாள்.

பிள்ளைகளே, கிம் ஓரிடத்தில் 'கிம் யார்?' என்று தன்னையே கேட்டுக்கொள்வான். கொழும்புக் கடைகளில் தோட்டத்துப் பேச்சை விழுங்கிக்கொண்டு நிற்கும் நம் பையன்களுக்கும் அந்தக் கேள்வி வராமலா இருக்கும்? அதுவும் வேஷம்தான். ஊர் கேட்டால், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் பேரைச் சொல்லக் கூச்சம். சொன்னாலும் தபாலுக்கு அது போதாது.

அதனால்தான் லயத்துக் காம்பரா வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமும் தனி விலாசமும் கேட்டு அலைகிறேன். மனுப் படிவங்கள் தேநீர் மேசையில் இருக்கின்றன. பணிப்பாளர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். பேனா என்னிடம் இருக்கிறது.