ஒன்பது அணு ஆயுத நாடுகள் மீது வழக்குப் போட்ட மார்ஷல் தீவுகள்

[திரையில்: பசிபிக் பெருங்கடல் வரைபடம். ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே சில புள்ளிகள்.]

2014 ஏப்ரல் 24. ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்கு ஒரே நாளில் ஒன்பது வழக்குகள் வந்தன. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா. அணுகுண்டு வைத்திருக்கும் நாடு ஒன்று பாக்கியில்லை. வழக்குப் போட்டது மார்ஷல் தீவுகள். அப்போது மக்கள்தொகை சுமார் 50,000.

[திரையில்: பிகினி பவளத்தீவு. பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று புரிய, 1946-க்குப் போக வேண்டும். அந்த வருடம், அணுகுண்டுச் சோதனைக்காக, மார்ஷல் தீவுகளில் ஒன்றான பிகினியில் இருந்த 167 பேரையும் அமெரிக்கா வேறு தீவுக்கு மாற்றியது. 1958 வரை மார்ஷல் தீவுகளில் மொத்தம் 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது.

அதில் பெரியது 'காசில் பிராவோ'. 1954 மார்ச் 1 விடியற்காலை. சுமார் 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் சக்தி) இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வெடித்ததோ 15. ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல ஆயிரம் மடங்கு. கொஞ்ச நேரத்தில் ரோங்கலாப் தீவின் மேல் வெள்ளைத் தூள் கொட்டியது. வெடிப்பில் பொடிந்த பவளம் அது, கதிர்வீச்சோடு. என்னவென்று தெரியாமல் பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். தீவு மக்களை ஏற்றிப் போகக் கப்பல் வந்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

அன்று லிகியெப் என்ற தீவில் தாத்தாவோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தான் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். வானமும் கடலும் சிவந்ததைக் கண்ணால் பார்த்தவன். பெயர் டோனி டிப்ரம். அறுபது வருடம் கழித்து, வெளியுறவு அமைச்சராக இந்த வழக்குகளை முன்னின்று நடத்தியவர் அவரே.

[திரையில்: 'பிரிவு 6' என்ற எழுத்துகள்.]

சரி, வழக்கில் என்ன கேட்டார்கள்? நஷ்டஈடு கேட்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள் என்றார்கள், அவ்வளவுதான்.

1970-ல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. குண்டு இல்லாத நாடுகள் இனி செய்ய மாட்டோம் என்கின்றன. பதிலுக்கு, ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்கிறது பிரிவு 6. வெறுமனே பேசினால் போதாது, பேசி முடிக்கவும் வேண்டும் என்று 1996-ல் இதே நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது. மார்ஷல் தீவுகள் 1995-ல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. தன் பங்கை நிறைவேற்றியும் வருகிறது.

இந்தியாவும் பாகிஸ்தானும் இதில் கையெழுத்தே போடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கடமை இப்போது எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது, அதாவது கையெழுத்து இல்லாமலே நாடுகளின் நடைமுறையால் உருவாகும் சட்டமாகிவிட்டது, என்பதுதான் மார்ஷல் தீவுகளின் வாதம்.

ஒன்பதில் மூன்று வழக்குகளே விசாரணைக்கு வந்தன. நீதிமன்றத்தின் அதிகாரத்தை முன்கூட்டியே ஏற்றிருந்தவை பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் மட்டும்தான். மற்ற ஆறு நாடுகள் சம்மதிக்கவில்லை.

2016 அக்டோபர் 5-ல் தீர்ப்பு. வழக்குப் போட்ட நாளில் உங்களுக்குள் தகராறே இருக்கவில்லை, ஆகவே விசாரிக்க முடியாது என்றது நீதிமன்றம். இந்தியா, பாகிஸ்தான் வழக்குகளில் நீதிபதிகளின் வாக்கு 9-க்கு 7. பிரிட்டன் வழக்கில் 8-க்கு 8. நீதிமன்றத் தலைவரின் கூடுதல் வாக்கால் முடிவானது. அணு ஆயுத நாடுகள் சட்டக் கடமையைச் செய்யவில்லை என்று, வழக்குக்கு இரண்டு மாதம் முன்பே மெக்சிகோவில் நடந்த மாநாட்டில் மார்ஷல் தீவுகள் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. அது பொத்தாம்பொதுவான பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு இன்றுவரை இது செரிக்கவில்லை. பிரிவு 6 மீறப்பட்டதா என்ற கேள்வியைத் தொடாமலே வழக்கு முடிந்துபோனது.

[திரையில்: ஐ.நா. அரங்கின் வாக்குப் பலகை.]

2017 ஜூலை 7-ல், அணு ஆயுதங்களையே தடை செய்யும் புதிய ஒப்பந்தம் ஐ.நா.வில் 122 வாக்குகளோடு நிறைவேறியது. மார்ஷல் தீவுகளும் ஆதரித்து வாக்களித்தது. அடுத்த மாதம் டிப்ரம் இறந்துபோனார்.

ஆனால் வாக்களித்த கையோடு அந்த நாடு அதில் கையெழுத்திடவில்லை. அதன் ராணுவப் பாதுகாப்பு, ஒப்பந்தப்படி அமெரிக்காவின் பொறுப்பு. அங்கே குவாஜலீன் என்றொரு பவளத்தீவு இருக்கிறது. அணுகுண்டு சுமக்கவென்றே செய்த ஏவுகணைகளை, குண்டில்லாமல் கலிஃபோர்னியாவிலிருந்து ஏவிச் சோதிக்கிறது அமெரிக்கா. அவை வந்து விழுவது அந்தத் தீவின் பக்கம்தான்.