வெயில் போட்ட கோடு

பெர்லினில் நொயஸ் மியூசியத்துக்குப் போகிறவர்கள் நேராக எகிப்து ராணி நெஃபெர்டிட்டியின் சிலையைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். ஓடட்டும். நான் பேச வந்தது அதே மியூசியத்தில் இருக்கிற ஓர் எகிப்தியச் சுண்ணாம்புக்கல் பலகையைப் பற்றி. உயரம் ஓர் அடிக்குச் சற்று மேல். வயது சுமார் 3,350.

கல்லில் உருவம் செதுக்க எகிப்தியரிடம் இரண்டு வழிகள் இருந்தன. சுற்றியுள்ள கல்லையெல்லாம் சீவி எடுத்து உருவத்தை மேலே எழும்ப விடுவது ஒன்று. சுற்றுக்கல்லைத் தொடாமல், உருவத்தின் விளிம்பை ஆழமாக வெட்டிப் பள்ளத்துக்குள்ளேயே வடிவம் கொடுப்பது இன்னொன்று. இதில் வேலை மிச்சம். ஆனால் பெரிய காரணம் வெயில். உச்சி வெயிலில் மெல்லிய புடைப்பு வெளிறிப்போகும். வெட்டிய பள்ளத்திலோ நிழல் விழும், அந்த நிழலே கருப்புக் கோடாகிவிடும். அதனால் வெளிச்சுவருக்குப் பள்ளம், உள்ளே இருட்டறைக்குப் புடைப்பு என்று பொதுவாக வைத்திருந்தார்கள். அகெனாத்தன் காலத்தில் உள்ளேயும் பள்ளவெட்டே பரவியது. சூரியன் ஒன்றையே கும்பிடு என்ற ராஜா அவன். சூரியனே கோடு போட்டுத் தரும் முறை அவனுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன? இது என் ஊகம்தான்.

சரி, பலகைக்கு வருவோம். இதுவும் பள்ளவெட்டுதான். மேலே நடுவில் சூரிய வட்டம். கதிர் ஒவ்வொன்றும் நுனியில் ஒரு கையாக முடிகிறது. ராஜா, ராணி மூக்கருகே வரும் கைகளில் உயிரைக் குறிக்கும் 'அங்க்' சின்னம். இடப்பக்கம் அகெனாத்தன் மூத்த மகளைத் தூக்கி முத்தமிடப் போகிறான். எதிரே நெஃபெர்டிட்டி, மடியில் ஒருத்தி, தோளில் ஒருத்தி. தோளில் இருக்கிற குட்டி, அம்மாவின் கிரீடத்திலிருந்து தொங்குவதைப் பிடித்து விளையாடுகிறாள். பின்னாளில் எகிப்தை ஆண்ட துட்டன்காமுனுக்கு மனைவியானவள் இவள்தான்.

யாரோ வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். இது வீட்டில் வைத்து வழிபட்ட பலகை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சூரியனின் அருள் ஜனங்களுக்கு இந்தக் குடும்பத்தின் வழியாகத்தான் வரும் என்பது அன்றைய கொள்கை. அந்தக் கொஞ்சலும் அரசியல்தான்.

அப்புறம், இருவரின் ஆசனங்களையும் பாருங்கள். தாமரையையும் பாப்பிரஸ் என்ற நாணலையும் முடிச்சிட்டு மேல் எகிப்து, கீழ் எகிப்து இரண்டும் ஒன்று என்று காட்டுகிற சின்னம் இருக்கிறதே, அது அரசனின் சிம்மாசனத்துக்கு உரியது. இங்கே அது நெஃபெர்டிட்டியின் ஆசனத்தில் இருக்கிறது. அகெனாத்தன் உட்கார்ந்திருப்பது வெறும் ஆசனத்தில்.