ஒரு பெட்டி, இரண்டு பிராசசர்

வணக்கம் நேயர்களே. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இன்றைய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓட வைப்பதுதான் எமுலேட்டர். செல்போனில் அந்தக் கால வீடியோ கேம் ஆடியவர்கள், பெயர் தெரியாமலேயே அதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். ஒரே பிராசசர் உள்ள இயந்திரம் என்றால் பொறுமை இருந்தால் போதும், எழுதிவிடலாம். இரண்டு பிராசசர் வரும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் அதுதான்.

எனக்குப் பிரியமான இயந்திரம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த பிபிசி மைக்ரோ. அதன் மாடல் பி-யில் மொத்த நினைவகமே 32 கிலோபைட், அதில் நல்ல தெளிவான திரை வேண்டுமென்றால் படத்துக்கு மட்டும் 20 போய்விடும். மிச்சத்தில் என்ன புரோகிராம் எழுதுவது? அதனால் அடிப்பக்கத்தில் டியூப் என்ற இணைப்பு வைத்தார்கள். அதில் 64 கிலோபைட்டோடு இன்னொரு பிராசசர் பெட்டியை மாட்டலாம். உள்ளே இருப்பது 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 என்ற பிராசசர் சில்லு, வெளியே வருவது அதே 6502, ஆனால் 3 மெகாஹெர்ட்ஸ். கீபோர்டு, திரை, டிஸ்க் எல்லாம் பழையவர் பொறுப்பு. கணக்குப் போடுவது புதியவர்.

இரண்டுக்கும் பொது நினைவகம் கிடையாது, இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். ஓட்டலில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் இருக்குமே, தட்டு வைப்பார்கள், இந்தப் பக்கம் எடுப்பார்கள், அப்படித்தான் டியூப். எழுத்துகளைத் திரைக்கு அனுப்பும் வழியில் 24 பைட் வரை வரிசையில் நிற்கலாம், மற்ற வழிகளில் ஒன்றிரண்டுதான்.

சரி, நிஜ இயந்திரத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. என் எமுலேட்டரில் ஓடுவதோ ஒரே லூப், அதனால் இவருக்குக் கொஞ்சம், அவருக்குக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நேரம் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரை நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படுகிறது, அதனால் ஒரு திரைக்கு ஒரு தடவை மாற்றினால் போதாதா என்று தோன்றும். போதாது. டிஸ்கிலிருந்து ஃபைலை அனுப்பும்போது 256 பைட்டை மொத்தமாகத் தள்ளும் முறை ஒன்று உண்டு, அதில் முதல் பிராசசர் "எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்பதே இல்லை. 10 மைக்ரோசெகண்டுக்குள், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் பத்து பங்குக்குள், மற்றவர் எடுத்திருப்பார் என்ற நம்பிக்கையில் அடுத்த பைட்டை வைத்துவிடும். சுழற்சி என்றால் பிராசசரின் ஒரு துடிப்பு, 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 20 லட்சம் துடிப்பு. 10 மைக்ரோசெகண்ட் என்பது பழையவருக்கு 20 சுழற்சி, புதியவருக்கு 30. நீங்களோ ஒரு திரை நேரம் முழுக்க, 40,000 சுழற்சி, பழையவரையே ஓட விட்டால் ஜன்னலில் வைத்த பைட்டெல்லாம் தொலைந்துபோகும். வெறும் எழுத்து தட்டும்போது எல்லாம் சரியாகவே தெரியும், ஃபைல் ஏற்றும்போது மட்டும் புரோகிராம் நொறுங்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பழையவருக்கு இரண்டு சுழற்சி என்றால் புதியவருக்கு மூன்று, அந்த விகிதத்தில் பொடிப்பொடியாக மாற்றுங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, நிஜ இயந்திரத்தில் ஓடாதது எமுலேட்டரிலும் ஓடக் கூடாது. திரை நினைவகத்தில் நேரடியாக எழுதும் விளையாட்டுகளை இரண்டாவது பிராசசரில் போட்டால், அவை அந்தப் பிராசசரின் 64 கிலோபைட்டில் எழுதிக்கொண்டிருக்கும், திரையில் ஒன்றும் வராது. அதைச் "சரிசெய்ய" எனக்கு மனம் வராது, அந்த இயந்திரம் அப்படித்தான் இருந்தது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஏஆர்எம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று நம் செல்போன்களில் இருக்கும் அந்த வகைப் பிராசசரின் முதல் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று உயிர்பெற்றது இதே பிபிசி மைக்ரோவின் இரண்டாவது பிராசசராகத்தான். எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் பிபிசி மைக்ரோவுக்கான பி-எம் (B-em) எமுலேட்டரின் மூலநிரலைத் திறந்து, டியூப் பகுதியை முதலில் படியுங்கள். நன்றி, வணக்கம்.